கைராசிக்காரியின் பெயரில் புகுந்தவன்

அது மட்டுமா டீச்சர், மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு இட்லி! ஆள் இறங்கி நின்றால் கழுத்து வரைக்கும் வரும் அந்த மாவுத் தொட்டி. ஓரமெல்லாம் வெந்து, நடுவில் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. செம்பூர் சனம் முழுவதையும் பந்தியில் உட்கார வைத்திருந்தாலும் தின்று தீர்த்திருக்க முடியாது. பக்கத்தில் கட்டிட வேலை செய்தவர்களிடம் கடப்பாரை வாங்கி வந்துதான் வெட்டி எடுத்தார்கள்.

நோட்டைத் திறந்துவிட்டீர்களா? சரி, குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள் நான். இத்தனை வருஷம் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவரைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன கவலை? நான் பேசுகிறபடியே போட்டால் அச்சில் நன்றாக இராது என்கிறீர்கள். என் பங்கை உங்கள் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே போடுங்கள். அதில் கை வைத்தால் ருசி போய்விடும்.

எங்கள் முதலாளி தாராவியில் ஒரே ஒரு கிரைண்டர் போட்டபோதே உளுந்து களைய வந்தவள் நான். இப்போது செம்பூரில் இட்லி மாவு ஆலை. மாட்டுங்கா ஓட்டலுக்கும் காட்கோபர் கடைகளுக்கும் பாக்கெட் போகிறது. என்னை உளுந்து களையச் சொல்வதில்லை. தினமும் போய்ப் புளிக்கிற மாவில் கையை விட்டுப் பார்த்து, "ஆவட்டும்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்து போகிற மாதிரி போய் வருகிறேன்.

மற்றதையெல்லாம் ஒரு பெட்டி பார்த்துக்கொள்கிறது. பீரோ உயரத்துக்கு இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் ஒரு கண்ணாடித் திரை. அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், கிரைண்டர் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும், எல்லாம் அது சொல்கிறபடிதான். புளிக்கிற தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரின் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் பெட்டிதான். மழையோ ஜனவரிக் குளிரோ, மாவு ஒரே மாதிரி பொங்கும். அந்தப் பெட்டியை ஓட்டுகிறவள் என் மருமகள். அதற்கென்று ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவள்.

அவளுக்குக் கைராசி உண்டு. இதை நான் சொல்லவில்லை, முதலாளி சொல்கிறார். புது ஆலையில் முதல் சுவிட்சை அவள் போட்டாள். அந்த வாரமே இரண்டு ஓட்டல் பிடித்துவிட்டது. அதிலிருந்து தினமும் காலையில் அவள் கைபட்டால்தான் இயந்திரம் சுற்றும். அவளுக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டோ அனுப்பி அழைத்து வந்து, சுவிட்சைப் போட வைத்து, அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

பெட்டியைத் திறக்க ஒரு பெயரும் ஒரு ரகசியச் சொல்லும் வேண்டும். மாட்டிக் கொடுத்த கம்பெனிக்காரன் ஏழு பேருக்கு ஏழு தனித்தனிப் பெயர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். முதலாளி அடுத்த நாளே அதைக் கலைத்துவிட்டார்.

"காலையில அவ ராசியான கையால தெறந்த பெட்டிய, மத்தியானம் இன்னொருத்தன் மூடி, அவன் பேர்ல தெறந்தா ராசி என்னத்துக்கு ஆவும்? ஒரு தடவ தெறந்தா பொழுது அடையுத வரைக்கும் அவ பேர்லயே ஓடட்டும்."

ஆக, யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் என் மருமகள் அமுக்கியதாகத்தான் பெட்டி எழுதிக்கொள்ளும். அவள் சாப்பிடப் போயிருப்பாள். பெட்டிக் கணக்கில் அவள் வேலை செய்துகொண்டிருப்பாள். அவள் அளவுக்கு உழைக்கிற பெண் பம்பாயிலேயே கிடையாது.

ரகசியச் சொல்லையும் முதலாளிதான் வைத்தார். அவர்கள் குலதெய்வத்தின் பெயர். அந்தப் பெயர்தான் கடைப் பலகையில் இருக்கிறது, டெம்போவின் முன்கண்ணாடியில் இருக்கிறது, மாவுப் பாக்கெட்டின் மேல் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. ரகசியத்தைப் பாக்கெட்டில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த ஆலை எங்களுடையதுதான்.

இதற்கு நடுவில் முதலாளியின் மாப்பிள்ளை வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், பாதியில் இந்திக்குப் போய்விடுவார். வீடு கோபர்கைரனேயில். தினமும் செம்பூர் வருவது அவருக்குக் கஷ்டம். வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே ஆலை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று பெட்டியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து இன்டர்நெட்டில் சேர்த்துவிட்டார். அவருடைய லேப்டாப்பிலும் போனிலும் எங்கள் பெட்டி தெரியும். அதுவும் யார் பெயரில்? என் மருமகள் பெயரில்தான்! மாமனாரின் ராசியைக் கெடுக்கக் கூடாதே.

எங்கள் ஆலைக்குக் காவல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் டீச்சர். வாசலில் செக்யூரிட்டிக்காரர் இருக்கிறார், பீகாரிலிருந்து வந்தவர். இத்தனை வருஷமாகப் போகிற என்னைத் தினமும் நிறுத்தி, "மாஜி, ஆதார் கார்டு தெகாவ்" என்று கார்டைக் காட்டச் சொல்வார். டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பார். சனிக்கிழமை தவறாமல் பெட்டியின் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவோம். கதவுக்கு மூன்று பூட்டு. நான் கொண்டுபோகிற புளிச்சாதம் மட்டும் இவ்வளவு சோதனையும் தாண்டித்தான் உள்ளே போகும். அந்த ஒயர் வழியாக யார் வந்தாலும் கேட்க நாதி இல்லை.

அது ஒரு வியாழக்கிழமை. காட்கோபரில் முதலாளி புதுக் கடை திறந்தார். கடையிலேயே கிரைண்டர் ஓடும். ஜனங்கள் பார்த்து வாங்கலாம். முதல் சுவிட்ச் போட மருமகளைக் காலையிலேயே வண்டியில் கூட்டிப் போய்விட்டார். போகிற அவசரத்திலும் எங்கள் பெட்டியை அவள்தான் திறந்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாதே தவிர, அந்தத் திரையில் தொட்டிக்குத் தொட்டி ஒரு கோடு உண்டு, அது பச்சையாகப் பாதியில் நிற்க வேண்டும் என்று தெரியும். ஒரு தொட்டியின் கோடு ஏறுகிறது. பக்கத்தில் ஆள் இல்லை, கை இல்லை, தானாக ஏறுகிறது. மஞ்சளாகி, சிவப்பாகி, இன்னும் ஏறுகிறது. பேய் என்றால் இருட்டிய பிறகு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது டீ குடிக்கிற நேரத்தில் வந்திருக்கிறது.

பாக்கெட் போடுகிற பிள்ளையை மாப்பிள்ளைக்குப் போன் போடச் சொல்லி வாங்கிப் பேசினேன்.

"மாப்ள, மூணாந்தொட்டி சூடு தானா ஏறுது, என்னன்னு பாருங்க."

"அரே ஆச்சி, நான் இங்க போன்ல பாத்துட்டுத்தான் இருக்கேன். எல்லாம் கிரீன்தான். டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க."

"நான் தொட்டிகிட்டயே நிக்கேன்யா."

"ஆச்சி, சென்சார் பொய் சொல்லாது."

போனைக் கொடுத்துவிட்டுத் தொட்டியில் கையை வைத்தேன். சுட்டுவிட்டது. பெட்டிக்குக் கீழே காளான் மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து என்றால் அதை அடிக்கச் சொல்லி மருமகள் எனக்குக் காட்டித் தந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் கேட்காவிட்டாலும் அது கேட்கும், அதற்குத் தனி ஒயர் என்பாள். முதலாளியைக் கேட்காமல் அடிக்கலாமா என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடித்துவிட்டேன். ஆலை முழுக்க அப்படியே நின்றது. மற்றத் தொட்டிகள் தப்பின. மூன்றாவதில்தான் அந்த இட்லி.

அன்று சாயங்காலமே முதலாளி பூசணிக்காய் உடைத்தார். கண்ணேறு என்றார். மறுநாள் மாப்பிள்ளை நாலாவது பூட்டு வாங்கி வந்தார். அதற்கு மறுநாள் ஒரு தாளை அச்சடித்துக்கொண்டு வந்தார். பெட்டி தன் வயிற்றில் எழுதி வைத்திருந்த கணக்காம்.

"மாமா, இதைப் பாருங்க. சூட்டை ஏத்துனது யாருன்னு சாஃப் சாஃப், தெளிவாப் போட்டிருக்கு. உங்க கைராசிக்காரிதான்."

"அவ எங்கூட காட்கோபர்ல இருந்தால்லா?"

"போன்லேர்ந்து பண்ணிருப்பா மாமா. வேற மாவுக்காரன் யாரோ பைசா குடுத்திருக்கான். நிறுத்திடுங்க. போலீஸ்ல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்துடலாம்."

முதலாளி தாளைப் பார்த்தார். அதில் அவள் பெயர் இருந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கண்ணால் பார்த்ததைச் சந்தேகப்படுவார், அச்சில் வந்ததைச் சந்தேகப்பட மாட்டார். திங்கட்கிழமை ஒரு நிபுணர் வந்து சொல்லட்டும், அதுவரை நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேற்று வரை அவள் கைக்கு ஆட்டோ அனுப்பியவர்!

வீட்டுக்கு வந்து மருமகள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, ஒரு வாய் சாப்புடு."

"வேண்டாம் அத்தை. வேல போனா போட்டும். இந்தத் தாராவில நம்மூர்க்காரங்க எத்தன பேரு இருக்காக. திங்குத மாவுல மண்ணள்ளிப் போட்டவன்னு என்னச் சொன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய போவேன்? எவன் எனக்கு இன்னொரு வேல குடுப்பான்?"

நாங்கள் மாமியார் மருமகள்தான். ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா, உரித்துப் போடுவதா என்பதில் ஆரம்பித்து எதிலும் ஒத்துப்போனதில்லை. உங்கள் வீட்டுச் சுவர் வழியாக எல்லாம் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் அவளைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதை மாப்பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதவும் தெரியாது.

திங்கட்கிழமை அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். நிபுணர் மாட்டுங்காக்காரர். ஆலைக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டார். நல்ல மனிதர் என்று அப்போதே தெரிந்தது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எலுமிச்சம்பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன?"

"பாதுகாப்புக்கு," என்றார் முதலாளி.

"வேற என்ன பாதுகாப்பு வெச்சிருக்கேள்?"

மாப்பிள்ளை நாலு பூட்டையும் காட்டினார். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வைரஸ் தடுப்பு மூன்று போட்டிருப்பதாகச் சொன்னார். நிபுணர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டுப்போனா பேப்பர் போகும் சார். இது கெட்டுப்போனா கை கால் போகும். அன்னிக்கு அந்தத் தொட்டிய ஒருத்தன் உள்ள இறங்கிக் கழுவிண்டிருந்தான்னு வெச்சுக்கோங்கோ. என்ன ஆகியிருக்கும்?"

மாப்பிள்ளை சட்டென்று தாளை நீட்டினார். "அதான் சார், கல்ப்ரிட்டைக் கண்டுபிடிச்சாச்சு. பேர் இருக்கு பாருங்க."

நிபுணர் வாய் திறப்பதற்குள் நான் குறுக்கே போனேன். "ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தாள்ல என்ன போட்டிருக்குன்னு மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு தடவ வாசிங்க. நீங்க வாசிக்கணும், மாப்ள வேண்டாம்."

மாப்பிள்ளை சிரித்தார். "ஆச்சிக்கு என்ன புரியும் சார், சோடியே, விடுங்க."

"புரியாதுன்னுதான வாசிக்கச் சொல்லுதேன்."

நிபுணர் வாசித்தார். மருமகளின் பெயர். மூன்றாவது தொட்டி. சூடு இவ்வளவிலிருந்து இவ்வளவு. வியாழக்கிழமை, மூன்று மணி பத்து நிமிஷத்திலிருந்து மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம் வரை, பதினோரு தடவை கூட்டப்பட்டது. முடிந்தது.

படித்தவர்கள் இரண்டு பேர் மூன்று நாளாக அந்தத் தாளை வைத்திருந்தார்கள் டீச்சர். பெயரைப் படித்ததும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வரிக்கு யாரும் போகவில்லை.

"மொதலாளி, வியாழக்கிழம மூணு பத்துக்கு இவ கையி எங்க இருந்துச்சி?" என்று கேட்டேன்.

ராகுகாலம் மூன்று மணிக்கு முடிந்ததும் காட்கோபர் கடையில் சுவிட்சைப் போட வைத்தவரே முதலாளிதான். ராசியான கையை உடனே எடுத்துவிடக் கூடாது, முதல் ஈடு மாவு அரைபட்டு முடிகிற வரை வலது கை சுவிட்சின் மேலேயே இருக்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. இடது கையில் தேங்காயும் எலுமிச்சம்பழமும். மூக்கு அரித்ததற்குக்கூட அவளைச் சொறிய விடவில்லை என்று வந்து சொன்னாள்.

"ஆமா..." என்றார் முதலாளி. "நாந்தான பக்கத்துல நின்னு, கைய எடுக்காத, கைய எடுக்காதன்னு சொன்னேன். மூணர மணி வரைக்கும் நின்னா."

"ரெண்டு கையும் உங்க வேலையில இருக்கும்போது போன எதால அமுக்குனா? மூக்காலயா?"

செக்யூரிட்டிக்காரர் வரை சிரித்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் கையாட்டலைப் பார்த்தே சிரித்தார்.

நிபுணரும் சிரித்துக்கொண்டே பெட்டியையும் மாப்பிள்ளையின் லேப்டாப்பையும் குடைந்து பார்த்து, கண்டுபிடித்ததைச் சொன்னார். பெட்டிக்குள் வந்தவன் மாப்பிள்ளையின் லேப்டாப் வழியாகத்தான் வந்திருக்கிறான். அதில் கிரிக்கெட் மேட்சை ஓசியில் பார்க்க மாப்பிள்ளை எதையோ இறக்கியிருக்கிறார். அதனோடு திருட்டுச் சாவியும் இறங்கிவிட்டது. வந்தவன் எந்த நாட்டுக்காரனோ. கையில் அகப்பட்டதைத் திருகிப் பார்த்திருக்கிறான். மாப்பிள்ளையின் போனில் பழைய பச்சைப் படத்தையே நிறுத்தி வைத்திருக்கிறான்.

"அவனுக்கு இது இட்லி மாவுன்னுகூடத் தெரிஞ்சிருக்காது மாமி," என்றார் என்னிடம். "உள்ள வந்து பாத்தா எல்லாத்துக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. அதுவும் பாக்கெட்லயே இருக்கு. அவனுக்கே சங்கடமா இருந்திருக்கும்."

மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கவில்லை என்று வெளியே போனார்.

மருமகள் முதலாளிக்கு நேரே வந்து நின்றாள். "அண்ணாச்சி, நான் வேலைக்கி வாரேன். ஆனா என் பேர்ல நான் மட்டுந்தான் பெட்டியத் தெறப்பேன். இன்னொருத்தர் தொட்டாருன்னா அவரு பேர்லதான் தொடணும். ராசி வேணும்னா சுவிட்ச மட்டும் போட்டுத் தாரேன்."

"அதான் ரூல். நான் சொல்ல வந்ததும் அதான்," என்றார் நிபுணர்.

முதலாளிக்கு மனசே இல்லை. எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "சரி, ஆளாளுக்குப் புது ரகசியச் சொல் வைக்கட்டும். ஆனா ஒவ்வொண்ணையும் மொத தடவ அவ கையாலதான் அடிக்கணும்" என்றார்.

நிபுணர் தொப்பியைக் கழற்றித் தலையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருடையதும் இவா ஒருத்தருக்கே தெரிஞ்சா, அப்புறம் அது என்ன ரகசியம் சார்?" அரைமணி நேரம் மன்றாடி அதை நிறுத்தினார். அந்த இன்டர்நெட் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். பிடுங்குவதற்கு முதலாளி நல்ல நேரம் பார்த்துச் சொன்னார்.

எனக்கும் ஒரு பெயர் போட வேண்டும் என்று மருமகள் பிடிவாதம் பிடித்தாள். எழுத்து வேண்டாம், விரலை வைத்தால் போதும் என்றார் நிபுணர். பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன், பெட்டி ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. உளுந்து களைந்து களைந்து ரேகையே இல்லை. ரேஷன் கடையிலும் இதே கதைதான். "மாமி, உங்க பேர்ல எவனும் புகுந்துக்க முடியாது. நீங்களேகூட முடியாது," என்றார் நிபுணர். இவ்வளவு பத்திரமான ஆளை எங்கே பார்ப்பீர்கள்?

மாப்பிள்ளைக்கு என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? அவர் வீட்டு மாப்பிள்ளை அல்லவா, அவரை எப்படி நிறுத்துவது? பாதுகாப்புத் தலைவர் என்று கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் கூட்டம் போட்டு, தெரியாத லிங்கைத் தொடாதே என்று ஒரு மணி நேரம் இந்தியில் வகுப்பெடுக்கிறார். மேட்ச் அன்றைக்கு மட்டும் வகுப்பு இல்லை.

நிஜமான பொறுப்பு மருமகளிடம்தான். யார் பெட்டியைத் திறந்தார்கள், எப்போது மூடினார்கள், வெளியாள் பென்டிரைவ் கொண்டு வந்தானா, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். போன வாரம் முதலாளியையே ஓரமாக நிற்க வைத்து, "அண்ணாச்சி, உங்க பேரப் போட்டுத் தெறங்க" என்றாளாம். அவர் ரகசியச் சொல்லை மறந்துவிட்டு வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டாராம். நம்மூர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இந்தக் கதையை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் பெயரில் ஒட்டிய அழுக்கு கடைசிப் பொட்டு வரைக்கும் போக வேண்டாமா?

ஆனால் ஒன்று டீச்சர். பொறுப்பு கூடியதும் அவள் வீட்டுக்கு வருகிற நேரம் தள்ளிப்போய்விட்டது. அவள் செய்த வீட்டு வேலையெல்லாம் இப்போது என் தலையில். வாதாடிக் காப்பாற்றினேன் பாருங்கள், எனக்குக் கிடைத்த பதவி உயர்வு இதுதான். பூண்டைக்கூட நானே உரிக்க வேண்டியிருக்கிறது, அவள் சொல்கிற மாதிரி...

இருங்கள், அது என்ன சத்தம்? குழாயில் காற்று வருகிறதே. தண்ணீர் வந்துவிட்டது! டிரம்மைக் கழுவிக்கூட வைக்கவில்லை. ஏம்மா, அந்த டியூபைப் பிடி, என் குடத்தைத் தள்ளாத! டீச்சர், நோட்டை மூடுங்கள், உங்கள் வாளி எங்கே?